இன்றைக்குப் பால் என்ன நிறம்

முருங்கைக்கீரை ஈர்க்கை இடது கையில் பிடித்து, வலது கையின் இரண்டு விரலால் ஒரே இழுப்பில் வழித்தால் இலையெல்லாம் முறத்தில் விழுந்துவிடும், பூச்சி அரித்த இலையை மட்டும் தனியாகப் பொறுக்கிப் போட வேண்டும், அவ்வளவுதான் வேலை, ஆனால் எங்கள் வீட்டுக்கு வருவது ஒரு வீட்டுக் கீரை இல்லை, ஊர்க் கீரை. காலையில் கதவைத் திறந்தால் வாசற்படியில் கட்டுக் கட்டாகக் கிடக்கும். யார் வைத்தார்கள் என்று கேட்கத் தேவையில்லை, நல்லிக்காட்டூரில் முருங்கை மரம் உள்ள எல்லாரும்தான். கீரையோடு உரித்த பூண்டும், சிலநாள் கருவாடும் இருக்கும். எல்லாம் பால் ஊறுவதற்கு. எனக்குப் பால் நின்றுவிட்டது, என் மகள் தன்ஷிகா மறந்தும்விட்டாள், ஆனால் ஊர் மறக்கவில்லை, உருவ உருவக் கீரை வந்துகொண்டே இருக்கிறது.

ஆற்றங்கரைக் கிணற்றில் சென்சார் வைத்த வருஷத்தில்தான் இதெல்லாம் ஆரம்பித்தது. எங்கள் ஊருக்குக் குடிதண்ணீர் அந்தக் கிணற்றிலிருந்துதான், கிணற்றுக்கு ஊற்று ஆற்றிலிருந்து, ஆற்றுக்கு மேல்பக்கம் வரிசையாகச் சாயப்பட்டறைகள். பட்டறைக்காரர்கள் கழிவை ஆற்றில் விடுவதில்லை என்று சொல்வார்கள், ஆறு ஒருநாள் ஊதாவாகவும் ஒருநாள் மருதாணிச் சிவப்பாகவும் ஓடும், இரண்டும் ஒரே ஊரில் ஒரே நாளில் நடக்கும், யாரும் சண்டைக்குப் போனதில்லை. அப்போதுதான் அரசாங்கத்தில் ஒரு கருவி கொடுத்தார்கள். டார்ச்லைட் நீளத்துக்கு இருந்தது, நுனியில் கோலிக்குண்டு மாதிரி மெல்லிய கண்ணாடி, பின்னால் கறுப்பு ஒயர். அதைக் கிணற்றில் தொங்கவிட்டு, ரேஷன் கடைச் சுவரில் ஒரு போர்டு மாட்டினார்கள். தண்ணீர் நன்றாக இருந்தால் பச்சை விளக்கு, கெட்டால் சிவப்பு, அந்த நிமிஷமே தெரியும், கலெக்டர் ஆபீசிலும் தெரியும், கையில் போன் இருக்கிற யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்றார்கள். சிவப்பு எரிந்த நாளெல்லாம் பட்டறைகளுக்கு ஜீப் போனது. கொஞ்சநாள் ஆறு தண்ணீர் நிறத்தில் ஓடியதை நானே என் கண்ணால் பார்த்தேன், வயிற்றில் தன்ஷிகாவோடு.

பிறகு ஆயுத பூஜை வந்தது.

ஊருக்குத் தண்ணீர் திறந்துவிடுகிற சென்னியப்பண்ணன் பக்தி உள்ளவர். வருஷா வருஷம் மோட்டாருக்கும், ஸ்டார்ட்டர் பெட்டிக்கும், வால்வு திருப்புகிற கம்பிக்கும், தன் சைக்கிளுக்கும் பொட்டு வைத்துப் பொரி படைப்பார். அந்த வருஷம் சென்சாரும் உழைக்கிற பொருளாக அவர் கணக்கில் சேர்ந்துவிட்டது. கிணற்றிலிருந்து தூக்கி, பாசி பிடித்திருந்ததைப் பார்த்து மனசு கேட்காமல், குத்துவிளக்கு துலக்குவது போலப் புளியும் சாம்பலும் போட்டுக் கண்ணாடி மின்ன மின்னத் தேய்த்து, மூன்று பட்டை விபூதி இழுத்து, சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, தலைவாழை இலையில் சுண்டலுக்குப் பக்கத்தில் படுக்கவைத்து, "இன்னைக்கு ஒருநா நீயும் கண்ண மூடு சாமி" என்று வெயிலில் காயவிட்டார். கருவி கண்ணை மூடியது. மறுநாள் கிணற்றில் இறக்கினார், திறக்கவில்லை. போர்டில் மட்டும் ஏழு புள்ளி இரண்டு என்று ஓர் எண்ணும் பச்சை விளக்கும் நின்றன, இன்றைக்கு வரை அப்படியேதான் நிற்கின்றன.

அது செய்த வேலை எங்கேயாவது போக வேண்டுமில்லையா, என்னிடம் வந்தது.

அந்தப் பூஜை அன்று மதியம் கைக்குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். மார்பில் சுருக்கென்று ஊசி ஏற்றியது போல இருந்தது, குனிந்து பார்த்தால் குழந்தையின் கடைவாயில் பேனா மை ஒழுகியது போல நீலம் வழிகிறது. துணியால் துடைத்தேன். அப்புறம் பிழிந்து பார்த்தேன், நீலமாகத்தான் வந்தது. சத்தம் போடவில்லை. எனக்குச் சத்தம் போட்டுப் பழக்கமில்லை, பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிட்டால் "உள்ளேன் ஐயா" சொல்ல வாய் வராது, வந்திருந்தும் வராதவளாகவே ஏழாம் வகுப்பு வரை போய் நின்றுவிட்டவள் நான். சாயங்காலம் என் வீட்டுக்காரர் வெள்ளியங்கிரி வேலையிலிருந்து வந்தார். அவருக்கு வேலை பட்டறையில், சாயத் தொட்டியில், நகக்கண்ணில் எப்போதும் ஏதாவது ஒரு நிறம் இருக்கும். துணியைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது எங்க நேவி ப்ளூவாச்சே. மத்தியானம் தொறந்து உட்டாங்க. உனக்கெப்படி வந்துச்சு?"

"தெரியலீங்க."

"சரி, கொழந்தைக்குக் குடுக்காத. நாளைக்கு வெள்ளைத் துணி லாட்டுத்தான், சாயமில்ல, சரியாயிரும்."

மறுநாள் பால் வெள்ளையாகச் சுரந்தது.

கொடியில் காய்ந்த அந்தத் துணியைப் பார்த்துத்தான் ராஜாமணியக்கா உள்ளே வந்தது. அது எங்கள் வார்டு மெம்பர், அடுத்த வீடு, யார் வீட்டுக் குழம்பும் அதற்குத் தெரியாமல் கொதிக்காது. என்னிடம் எதையும் கேட்டு வாங்க வேண்டியதில்லை, முகத்தைப் பார்த்தே எடுத்துக்கொள்ளும். ஒரு வாரம் என் பாலையும் ஆற்றையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, ஒருநாள் குழாயடியில் எல்லாருடைய குடத்தையும் கவிழ்க்கச் சொன்னது.

"புடிக்காதீங்க ஆத்தா, இன்னைக்கு அம்சாவுக்குச் செவப்பு." அம்சா நான்தான்.

பிடிக்காதவர்கள் தப்பித்தார்கள், பிடித்த ஒரு வீட்டில் எல்லாருக்கும் வயிற்றால் போனது, அதற்கப்புறம் யாருக்கும் எதையும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஊர் அதற்கு ஒரு முறை ஏற்படுத்திக்கொண்டது. டீக்கடையிலிருந்து ஒரு கண்ணாடி டம்ளர் வந்தது, எவர்சில்வரில் நிறம் தெரியாதாம். எனக்கு வெட்கமாக இருக்குமென்று ராஜாமணியக்கா தன் பழைய சுங்குடிச் சேலையைக் கிழித்து வாசலில் திரை கட்டியது. காலையில் சென்னியப்பண்ணன் வால்வைத் திருப்புவதற்கு முன்னால் திரைக்கு வெளியே பெண்கள் நிற்பார்கள், ஆண்கள் மின்கம்பத்துக்கு அந்தப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார்கள், நான் உள்ளே திரும்பி உட்கார்ந்து டம்ளரில் நாலு சொட்டுப் பிழிந்து திரைக்கு அடியில் நீட்டுவேன், அக்கா அதைச் சூரியனுக்குக் காட்டி ஊருக்குச் சொல்லும். வெள்ளை என்றால் குடம் நகரும். நீலம், கறுப்பு, அரக்கு என்றால் குடம் வீடு திரும்பும். வெள்ளையாக இருந்து திரிந்துபோனால் ஆசிட். வெள்ளையாகவே இருந்தும் குழந்தை முகத்தைத் திருப்பிக்கொண்டால் உப்பு. இதையெல்லாம் யாரும் சொல்லித்தரவில்லை, ஊரே பார்த்துப் பார்த்துப் படித்துக்கொண்டது. வெளியூரிலிருந்து பெண் பார்க்க வந்தவர்கள், தண்ணீர் எப்படி என்று கேட்டால், "எங்கூர்ல அம்சவேணி இருக்குதுங்க" என்று ஊர்க்காரர்கள் பதில் சொன்னார்கள், சம்பந்தம் முடிந்தது. டீக்கடையில், "ஏனப்பா, டீத்தண்ணி ஒரு மாதிரி இருக்குது, பால் அம்சா வூட்டுதா?" என்று ஒருத்தர் கேட்க, எல்லாரும் சிரித்ததை என் வீட்டுக்காரரும் அங்கே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

முதலில் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. தெருவில் என் பெயர் தெரியாதவர்கள் இருந்தார்கள், இப்போது ஊர் என் பெயரைச் சொல்லிக்கொண்டு எழுந்தது. கீரை வந்தது, பூண்டு வந்தது, பிள்ளைக்குக் கொலுசு வந்தது. இதை எடுத்துக்கொண்டு போய் யாராவது கேட்பார்கள், பட்டறைக் குழாயை அடைப்பார்கள், அப்புறம் என் பால் என் பிள்ளைக்கு மட்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு தடவை கேட்கவும் போனார்கள். திங்கட்கிழமை மனு வாங்குகிற நாளில், ராஜாமணியக்கா டம்ளரைத் தட்டால் மூடி மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறியது. ஏறும்போது ரத்தச் சிவப்பு. ஆனால் அது நின்ற பால் இல்லையே, ஓடுகிற ஆற்றின் பால், ஆறு மாறினால் டம்ளரிலும் மாறும். ஊரிலிருந்து ஆள் கிளம்பியது பட்டறைக்குத் தெரிந்துவிட்டது, எப்படித் தெரியாமல் இருக்கும், பாதி ஊர் அங்கேதான் வேலை செய்கிறது. குழாயை அடைத்துவிட்டார்கள். பாதி வழியில் ரோஸ் கலர், பஸ் ஸ்டாண்டில் சந்தன நிறம், ஆபீசர் மேஜையில் வைத்துத் தட்டைத் திறந்தால் தும்பைப் பூவாகப் பால்.

"என்னம்மா இது, யாருக்கு அபிஷேகம்?" என்று கேட்டிருக்கிறார். அக்கா நடந்ததைச் சொல்ல, அவர் போனை எடுத்து எங்கள் ஊர் போர்டைக் காட்டியிருக்கிறார். பச்சை. "ஜில்லாவுலயே உங்க ஊர்த் தண்ணி ஒண்ணுதாம்மா ஒருநாள்கூட மாறாம இருக்குது. விருதுக்கு எழுதியிருக்கோம். அதைக் கெடுத்துக்காதீங்க."

திரும்பி வந்த அக்காவிடம் திரைக்குள்ளிருந்து, "பால என்ன பண்ணுனீங்க?" என்று கேட்டேன்.

"பஸ் ஸ்டாண்டுல ஒரு பூன கத்துச்சு, ஊத்திட்டேன். பாவம், நல்லாக் குடிச்சுது."

அதற்கப்புறம் யாரும் எங்கேயும் போகவில்லை. கெட்டது எப்போது வருகிறது என்று தெரிந்தால் போதும் என்று ஊர் இருந்துகொண்டது. பட்டறை முதலாளியும் நல்ல மனுஷன் என்று பெயர் வாங்கினார், நிறம் வருகிற நாளில் மட்டும் ஊருக்கு ஒரு லாரி நல்ல தண்ணீர் அனுப்புவதாக ஒத்துக்கொண்டார். தென்னந்தோப்புக் கிணற்றுத் தண்ணீர், பருப்பு அதில் பூவாக வேகும். ஆற்றுத் தண்ணீரில் எப்போதும் ஒரு சவர்ப்பு, வெள்ளை நாளிலும் உண்டு. அதனால் என்ன ஆனது என்றால், காலையில் திரைக்கு வெளியே நின்றவர்கள் நிறம் வர வேண்டும் என்று வேண்ட ஆரம்பித்தார்கள்.

"இன்னைக்காச்சு ஒரு கறுப்பு குடு அம்மிணி, வூட்ல விருந்தாளி இருக்கறாங்க."

"வெள்ளையா? மறுபடியுமா? நல்லாப் பாருக்கா, லேசா மஞ்ச அடிக்கல?"

வெள்ளை வந்தால் எனக்குத்தான் திட்டு விழுந்தது. ஆனால் வெள்ளை அதிகம் வரவும் இல்லை. லாரி போகிறதே என்று பட்டறையில் தைரியமாகத் திறந்துவிட்டார்கள், முன்பு எப்போதாவது வந்த நிறம் இப்போது வாரத்தில் பாதிநாள் வந்தது, முதலாளி அனுப்பும் லாரியை ஓட்டிவருகிறவன் எங்கள் வாசலில் ஆரன் அடித்து, "என்ன நெறம்னு நான் சொல்லட்டுங்களா?" என்று சிரிப்பான்.

இதில் தன்ஷிகாவை யாரும் பார்க்கவில்லை. நிற நாளில் அவளுக்குக் கஞ்சித் தண்ணீர் காய்ச்சிக் கொடுப்பேன், குடிக்க மாட்டாள், மோப்பம் பிடித்து மார்பைத் தேடுவாள், நான் அசந்த நேரத்தில் தானே எடுத்துக் குடித்துவிட்டு உதடெல்லாம் ஊதாவாகச் சிரிப்பாள். அம்மா என்று சொல்வதற்கு முன்னால் அவள் நீலம் என்று சொன்னாள். பல் முளைத்தபோது ஒன்றும் வெள்ளையாக முளைக்கவில்லை. கீழே இரண்டும் சிலேட்டு நிறம், மேலே முளைத்ததில் ஒன்று அரக்கு, ஒன்று பாசிப் பச்சை. அவள் வயசுப் பிள்ளைகள் ஓடின, இவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கருவி வைத்த கம்பெனியிலிருந்து நிவேதா மேடம் வந்தது அப்போதுதான். சின்ன வயசு, கோயம்புத்தூர். கிணற்றிலிருந்து சென்சாரைத் தூக்கிப் பார்த்தது, விபூதிப் பட்டை லேசாக இன்னும் இருந்தது.

"அண்ணா, இந்தக் கண்ணாடி காயவே கூடாதுண்ணா. ஈரத்துலயே இருக்கணும். எப்போ செத்துச்சோ, அப்போலேர்ந்து ஒரே நம்பரைக் காட்டிட்டு இருக்கு."

சென்னியப்பண்ணன் கையைப் பிசைந்தார். "பூஜைதானுங்க மேடம் போட்டேன்."

"மாத்திக் குடுக்க எங்க ஒப்பந்தம் முடிஞ்சுபோச்சு. எழுதிப் போடறேன். வருமான்னு தெரியல."

"வரலீனா பரவால்லீங்க," என்றது ராஜாமணியக்கா. "எங்களுக்கு அம்சா இருக்குது."

என்னைக் காட்டினார்கள். நிவேதா மேடம் டம்ளரில் தன் பெட்டியிலிருந்த காகிதங்களை நனைத்துப் பார்த்தது, கிணற்றுத் தண்ணீரிலும் நனைத்துப் பார்த்தது, இரண்டும் ஒன்றாக இருந்ததில் அது ஆச்சரியப்படவில்லை, ரொம்பத் துல்லியம் என்று மட்டும் சொன்னது. அப்புறம் திரையை விலக்கிக்கொண்டு உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தது. தன்ஷிகா அதைப் பார்த்துச் சிரித்தாள். மேடம் அந்தப் பல்லைப் பார்த்தது.

"இன்னும் இவளுக்குக் குடுக்கறீங்களா?"

இத்தனை நாளில் அதைக் கேட்ட ஒரே ஆள் அதுதான்.

"நிறுத்திருங்க அக்கா. இன்னைக்கே."

அது காரில் ஏறிப் போன பிறகு ஊர் என் வாசலில் கூடியது. உள்ளே பேசியது வெளியே எப்படிக் கேட்டது என்று கேட்கக் கூடாது, திரை துணிதானே.

"நிறுத்துனா லாரி எப்படி வரும்?" என்று ஒருத்தர். "முதலாளி போர்டப் பாத்துப் பச்சைம்பாரு."

ராஜாமணியக்கா என் தோளில் கை வைத்தது. அது கெட்டவள் இல்லை, என் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்குக் கூடவே வந்தது, என் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டது. "நான் சொல்றதக் கேளு கண்ணு. இதுக்கு நிறுத்திக்க, வேண்டாங்கல. ஆனா சூட்டோட இன்னொண்ணு பெத்துக்க. அது வரைக்கும் நாங்க எப்படியோ சமாளிச்சுக்கறோம்."

எல்லாரும் என் வீட்டுக்காரரைப் பார்த்தார்கள். அவர் தன் நகங்களைப் பார்த்தார். "பாக்கலாமுங்க" என்றார்.

வாழ்க்கையில் முதல்முறையாக நான் நாலு பேருக்கு முன்னால் போய் நின்றேன். பிள்ளையின் வாயைத் திறந்து காட்டினேன். "பல்லப் பாருங்க" என்றேன், அவ்வளவுதான் வந்தது.

பார்த்தார்கள். நன்றாகக் குனிந்தே பார்த்தார்கள். பின்னாலிருந்து ஒரு குரல், "பால் பல்லுதான? விழுந்து மொளைக்கும்."

அதற்கு எல்லாரும் தலையாட்டினார்கள்.

அன்றைக்கே வேப்பிலையை அரைத்து மார்பில் பூசிக்கொண்டேன். பிள்ளை வாய் வைத்தாள், முகத்தைச் சுளித்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி வாய் வைத்தாள். கசப்பு அவளுக்குப் புதுசா என்ன, அதையும் குடித்துப் பார்த்துவிட்டுத்தான் விட்டாள். எனக்கு மார்பு கல்லாகக் கட்டியது, காய்ச்சல் அடித்தது, மல்லிகைப் பூவை வைத்துக் கட்டி வற்றவைத்தேன். திரையை அவிழ்த்து அக்காவிடம் கொடுத்தேன். மடித்து வைத்துக்கொண்டது, கிழிக்கவில்லை.

இப்போது நல்லிக்காட்டூரில் எல்லாரும் போர்டைப் பார்த்துத் தண்ணீர் பிடிக்கிறார்கள். பொய்ப் பச்சை என்று எல்லாருக்கும் தெரியும். தெரிந்துதான் குடத்தை வைக்கிறார்கள். லாரி நின்றுவிட்டது. வயிற்றால் போனால் என் வீட்டைப் பார்த்து ஒரு வார்த்தை விழும், கூடவே ஒரு கட்டுக் கீரையும் விழும். இன்னும் உண்டாகலையா என்று கேட்கிறார்கள். நான் உண்டாகவில்லை, உண்டாகவும் மாட்டேன், அதற்கு என்ன செய்ய வேண்டுமோ ஆஸ்பத்திரியில் கேட்டுச் செய்துகொண்டேன், என் வீட்டுக்காரருக்குத் தெரியும். எல்லாம் என்னோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

போன வாரம் தன்ஷிகா படியில் தடுக்கி விழுந்து அழுதாள். தூக்கி அணைத்தேன், என் ஜாக்கெட் தோளில் ஈரம். பார்த்தால் மருதாணி நிறம். பிள்ளை முகத்தில் இரண்டு பக்கமும் சிவப்பாகக் கோடு இறங்கியிருக்கிறது, கண் மட்டும் தெளிவாக இருக்கிறது, சிரித்தால் நின்றுவிடுகிறது.

யாரும் பார்க்கவில்லை. முந்தானையில் துடைத்தேன், முந்தானையைக் கிழித்து அடுப்பில் போட்டேன்.

பால் என்றால் பிழிந்தால் வரும். கண்ணீர் எப்படி வரும்? கிள்ளினால் வரும். இந்த ஊர் கிள்ளாது என்று என்னால் நினைக்க முடியவில்லை. அன்பாகத்தான் கிள்ளுவார்கள். மடியில் உட்கார வைத்து, தலையைக் கோதி, கன்னத்துக்குக் கீழே அந்த டீக்கடை டம்ளரைப் பிடித்துக்கொண்டு, லேசாக, ஒரே ஒரு கிள்ளு, அப்புறம் கையில் ஒரு தேன்மிட்டாய், நாளைக்கும் ஒன்று. அதனால் நான் அவளை அழவிடுவதில்லை. கேட்டதைக் கொடுக்கிறேன், மண் கேட்டாலும் கொடுக்கிறேன், தரையில் விடாமல் இடுப்பிலேயே வைத்திருக்கிறேன், பசி வருவதற்கு முன்னால் ஊட்டுகிறேன், தூக்கம் வருவதற்கு முன்னால் தொட்டிலாட்டுகிறேன். அம்சா புள்ள எத்தன சமத்து, அழுகற சத்தமே இல்ல என்று தெருவில் சொல்கிறார்கள். ஒரு பிள்ளை அழாமலே எத்தனை நாள் வளரும்? பள்ளிக்கூடம் போக வேண்டும், ஊசி போட வேண்டும், யாராவது ஒரு பிள்ளை பல்லைப் பார்த்துக் கேலி செய்யும். இந்தக் கீரையை உருவுகிற நேரத்துக்குத்தான் வாசலில் கிண்ணமும் கரண்டியும் கொடுத்து உட்கார வைத்திருக்கிறேன், கரண்டி தட்டுகிற சத்தம் கேட்கிற வரைக்கும் பயமில்லை, இப்போது அந்தச் சத்தம்

"அம்சா! ஏ அம்மிணி! பாப்பா கரண்டியக் கண்ணுல குத்திக்கிச்சு, அழுகுது பாரு! ஐயோ, என்ன இது நீலமா... இரு சாமி, அக்கா தூக்கறேன், அம்சா, இங்க வந்து பாரேன் இத..."

வர்றேங்க்கா, அது ஒண்ணுமில்லீங்க, நாவப்பழம் தின்னுச்சு, அந்தக் கைய வெச்சுக் கண்ணக் கசக்கிருச்சு, அது சாறுதானுங்க, நீங்க தொடாதீங்க, யாரையும் கூப்புடாதீங்க, நானே வந்து